காலி மின்ட் டப்பா ரிவ்யூ: எதுக்குத் தேறும், எதுக்குத் தேறாது

கையில அடங்குற சின்ன தகர டப்பா, மூடி கீல்ல மடங்கித் திறக்கும், உள்ள இருந்த மிட்டாய் தீந்துபோச்சு, தூக்கிப் போட மனசு வரல, இத வச்சு என்ன பண்ணலாம்னு தேடுறவங்களுக்குத்தான் இந்த ரிவ்யூ. மிட்டாய் எப்படி இருந்துச்சுன்னு இங்க பேசப்போறதில்ல, காலி டப்பாவை மட்டும்தான் பார்க்கப்போறோம். கூடவே ஆன்லைன்ல செட்டா விக்கிற பிரின்ட் இல்லாத வெள்ளி கலர் டின், திருகு மூடி போட்ட அலுமினிய டப்பி, இழுத்துத் திறக்குற ஸ்லைடு டின் இதெல்லாமும் வாங்கி பெயின்ட் பாக்ஸ், தையல் டப்பா, எலக்ட்ரானிக்ஸ் பெட்டி, மெழுகுவர்த்தின்னு ஒவ்வொண்ணுக்கும் போட்டுப் பார்த்துருக்கேன், அதனால ஒப்பிட்டே சொல்றேன். முடிவ முதல்லயே சொல்லிடுறேன், ஐடியாவப் பிடிச்சுக்கிட்டு டப்பா தேடாதீங்க, டப்பாவப் பார்த்துட்டு ஐடியாவ முடிவு பண்ணுங்க. கீல் எப்படி இருக்கு, தகரமா அலுமினியமா, உள்ள கோட்டிங் இருக்கா இல்லையா, இந்த மூணுதான் அந்த டப்பா எதுக்குத் தேறும்னு சொல்லும், மேல இருக்குற படம் இல்ல.

மின்ட் டப்பான்னாலே கிராஃப்ட் பண்றவங்க, ரேடியோ செய்றவங்க, எலக்ட்ரானிக்ஸ் நோண்டுறவங்க எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது ஆல்டாய்ட்ஸ் டப்பாதான். அந்த மிட்டாய் 1780கள்ல லண்டன்ல ஆரம்பிச்சது, தகர டப்பாவுக்கு மாறுனது ரொம்ப பின்னாடி, 1920கள்ல. டப்பா ஏறக்குறைய 95 மி.மீ நீளம், 60 மி.மீ அகலம், 21 மி.மீ உயரம் இருக்கும். இந்த அளவு ஏன் இவ்வளவு பேருக்குப் பிடிச்சுப்போச்சுன்னு பார்த்தா, பல பொருளோட அளவு இதுக்குள்ள அப்படியே உக்காந்துடுது. பேங்க் கார்டு 85.6க்கு 54 மி.மீ, உள்ள போயிடும். 9 வோல்ட் பேட்டரியோட தடிமன் 17.5 மி.மீ, படுக்க வச்சா மூடி மூடிக்கும். வாட்டர்கலர் அடைச்சு வர்ற குட்டி கிண்ணம், ஹாஃப் பேன்னு சொல்லுவாங்க, அது 19க்கு 16 மி.மீ, உயரம் 10 மி.மீ கிட்ட, அதுவும் போயிடும். சட்டைப் பாக்கெட்லயும் போகும். யாரும் கிராஃப்ட்டுக்குன்னு யோசிச்சு செஞ்ச அளவு இல்ல, ஆனா கிராஃப்ட்டுக்கு இதைவிடப் பொருத்தமான அளவு நான் பார்த்ததில்ல.

அடுத்தது உலோகம், இதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. நாம தகரம்னு சொல்றது மெல்லிய ஸ்டீல் தகடு, அது மேல மெல்லிசா வெள்ளீயம் பூசியிருக்கும். பெரும்பாலும் உள்பக்கம் அதுக்கும் மேல ஒரு கண்ணுக்குத் தெரியாத, லாக்கர்னு சொல்ற வார்னிஷ் மாதிரி கோட்டிங், வெளிப்பக்கம் பிரின்ட்டும் வார்னிஷும். காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டுனா தகரம், ஒட்டலேன்னா அலுமினியம். ரெண்டு செகண்ட் வேலைதான் ஆனா பாதி முடிவு அதுலயே ஆயிடும், ஏன்னா தகரம்னா காந்தம் வச்சு எதையும் நிறுத்தலாம், சால்டர் (ஈயப் பத்தவைப்பு) வைக்கலாம், கொஞ்சம் அழுத்தம் தாங்கும், ஆனா துருப்பிடிக்கும். அலுமினியம்னா துருங்குற பேச்சே கிடையாது, எடை கம்மி, கத்திரில சுலபமா வெட்டுப்படும், ஆனா காந்தம் ஒட்டாது, சாதாரண சால்டரும் ஒட்டாது, ஏன்னா அலுமினியத்து மேல காத்துப்பட்ட உடனே ஒரு ஆக்சைடு படலம் உருவாகி ஈயத்தைப் பிடிக்கவே விடாது.

துருவைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா டப்பா செஞ்சு கொஞ்ச நாள்ல ஓரமெல்லாம் பழுப்பாயிடுச்சுன்னு பொலம்புறவங்க நிறைய பேர். துத்தநாகம் பூசுன இரும்புல கீறல் விழுந்தா துத்தநாகம் தான் அரிச்சுப்போயி இரும்பக் காப்பாத்தும். வெள்ளீயம் அப்படி இல்ல, முழுசா மூடியிருக்குற வரைக்கும்தான் காவல், கீறல் விழுந்து ஈரம் பட்டா அந்த எடத்துல இரும்பு இன்னும் வேகமா அரிக்கும். அதனால தகர டின்ல எங்க ஓட்டை போட்டாலும், எங்க வெட்டுனாலும், எங்க உப்புத்தாள் போட்டுத் தேச்சாலும் அங்க கிளியர் லாக்கரோ நெயில் பாலிஷோ ஒரு கை தடவிடணும். டிரான்ஸ்பரன்ட் நெயில் பாலிஷ் இதுக்கு அவ்வளவு பொருத்தம், பிரஷோட வருது, சின்ன ஓட்டையோட விளிம்புல சரியா நிக்குது, சீக்கிரம் காயுது.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயத்துக்கு வரேன், வாட்டர்கலர் பெயின்ட் பாக்ஸ். கீல் டப்பாவ வச்சு ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்வேன்னா இதச் செய்ங்கன்னுதான் சொல்லுவேன். டப்பாவ சோப்புத் தண்ணில கழுவி, முக்கியமா கீல் இருக்குற பக்கம் துணியால ஒத்தி எடுத்து நல்லா காயவைக்கணும், அந்த மடிப்புக்குள்ள தண்ணி தங்கும், துரு ஆரம்பிக்கிறதே அங்கதான். அப்புறம் மூடியோட உள்பக்கத்த நைஸான உப்புத்தாள், 400 நம்பர் போதும், லேசா வட்டமா தேச்சு பளபளப்ப எடுத்துட்டு, உலோகத்துக்கான ஸ்ப்ரே பிரைமர் மெல்லிசா ஒரு கோட், காஞ்சதும் வெள்ளை எனாமல் ஸ்ப்ரே மெல்லிசா ரெண்டு மூணு கோட். அவசரப்பட்டு ஒரே தடியா அடிச்சீங்கன்னா மூலையில வழிஞ்சு நிக்கும், காயவும் காயாது. ஏன் வெள்ளைன்னா, கலர் கலக்கும்போது பேப்பர்ல எப்படி விழும்னு அப்பதான் தெரியும், வெறும் தகரத்து மேல எல்லா கலரும் அழுக்கா தெரியும். எனாமல் புதுசா இருக்கும்போது தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடும், கலர் ஒரு எடத்துல நிக்காது, அதுக்கு பல் தேய்க்கிற பேஸ்ட் கொஞ்சம் வச்சு விரலால மெதுவா தேச்சுக் கழுவுனா அந்த வழுக்கல் குறைஞ்சு கலர் பரவி நிக்கும்.

பேன் ஒட்டுறதுக்கு பசை போடாதீங்க, ஒவ்வொரு பேனோட அடியிலயும் ஒட்டுற காந்த ஷீட்ட சின்ன சதுரமா வெட்டி ஒட்டுங்க, தகர டப்பாவுக்கு இருக்குற பெரிய பலமே இதுதான், டப்புன்னு பிடிச்சுக்கும், கலர் தீந்தா எடுத்து மாத்திக்கலாம், வரிசைய மாத்தி அடுக்கலாம். மேல சொன்ன அளவு டப்பாவுல 12 ஹாஃப் பேன் தாராளமா உக்காரும், மிச்ச எடத்துல ஒரு சின்ன பிரஷ்ஷோ துண்டு ஸ்பாஞ்சோ வைக்கலாம். காந்த ஷீட்டோட தடிமனையும் கணக்குல எடுத்துக்கணும், அதையும் சேத்தா கூட 21 மி.மீ டப்பாவுல மூடி இடிக்காது, ஆனா உயரம் கம்மியான குட்டி மின்ட் டின்ல இடிக்கும், முன்னாடியே ஒரு பேன வச்சு மூடிப் பார்த்துடுங்க. வேலை முடிஞ்சதும் ஈரத்தோட மூடி வைக்கக்கூடாது, திறந்தபடியே காயவிட்டு அப்புறம் மூடுங்க, இல்லன்னா தகரத்துக்கு துரு, கலர் மேல பூஞ்சை, ரெண்டும் வரும்.

இதே வேலைக்கு செட்டா விக்கிற வெற்று டின்ன போட்டுப் பார்த்தேன். பெயின்ட் பாக்ஸுக்கு பாஸ் மார்க் குடுப்பேன், அதுக்கு மேல முடியாது. நல்லது என்னன்னா பிரின்ட் எடுக்குற வேலையே இல்ல, எல்லாம் ஒரே அளவு, பத்து பேருக்குக் குடுக்குறதுக்கு செய்றதா இருந்தா ஒரே மாதிரி வரும். குறை என்னன்னா நான் வாங்குன செட்ல தகடு மெல்லிசு, மூடிய கட்டை விரலால அமுக்குனாலே உள்ள போயிட்டு டப்புன்னு வெளிய வருது, சிலதுல மூடி ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு சரியா உக்காரல, பாதை நெடுக எங்கயோ நசுங்கி வந்ததும் இருந்துச்சு. அதோட தொழிற்சாலை எண்ணெய் பிசுக்கு உள்ளயும் வெளியயும் இருக்கும், அதக் கழுவாம பெயின்ட் அடிச்சா படலம் படலமா உரியும். டிஷ் வாஷ் சோப்புல கழுவிட்டு, ரப்பிங் ஆல்கஹால் வச்சு ஒருதடவை தொடச்சுட்டு அப்புறம் தொடவே கூடாது, விரல் ரேகை எண்ணெயே போதும் பெயின்ட்டக் கெடுக்க. நீங்க ஏற்கனவே மிட்டாய் வாங்கித் தீத்த டப்பா கையில இருந்தா இத வாங்கவே தேவையில்ல, பழைய டப்பாவோட தகடும் கீலும் இதைவிட உறுதி.

பெயின்ட், பசை ரெண்டுலயும் ஒரே விதிதான், உலோகம் எதையும் உறிஞ்சாது. பேப்பர், மரம், துணி இதெல்லாம் பசையக் குடிச்சுப் பிடிச்சுக்கும், தகரம் குடிக்காது, அதனால மரத்துக்குப் போடுற வெள்ளைப் பசை காஞ்சதும் தோலு மாதிரி உரிஞ்சு வந்துடும். சொரசொரப்பாக்கிட்டு ரெண்டு டியூப் கலந்து போடுற எபாக்ஸி போடுங்க, அது நிக்கும். பேப்பர் ஒட்டி டெக்கப்பாஜ் பண்றதா இருந்தா முதல்ல பிரைமரோ, ஜெஸ்ஸோங்குற வெள்ளை அடிப்பூச்சோ ஒரு கோட் அடிச்சுட்டு அதுக்கு மேல ஒட்டுங்க, கீல் பக்கமும் மூடி விளிம்பு கீழ இறங்குற எடமும் பேப்பர் போகவே கூடாது, திறந்து மூடும்போது அதுதான் முதல்ல கிழியும். மூடி கீழ்ப்பெட்டிய எங்க வரைக்கும் மூடுதுன்னு பென்சில்ல ஒரு கோடு போட்டுக்கிட்டு கோட்டுக்குக் கீழ மட்டும் அலங்காரம் பண்ணுனீங்கன்னா பிரச்சனை இல்ல. பாலிமர் களிமண் ஒட்டி அலங்கரிக்கிறவங்களுக்கு தகர டின் ரொம்ப வசதி, அந்தக் களிமண் 130 டிகிரி செல்சியஸ் பக்கத்துலதான் வேகும், வெள்ளீயம் உருக 232 டிகிரி வேணும், அதனால டப்பாவோட சேத்தே அவன் அடுப்புல வைக்கலாம். பிளாஸ்டிக் ஜன்னல் வச்ச டின்ன மட்டும் வச்சுடாதீங்க.

எலக்ட்ரானிக்ஸ் பக்கம் இந்த டப்பாவுக்கு ஒரு பெரிய பரம்பரையே இருக்கு, அதச் சொல்லாம விட மனசு வரல. 1976 மே மாசம், பொழுதுபோக்கா ரேடியோ நடத்துற அமெச்சூர் ரேடியோக்காரங்களோட அமெரிக்கப் பத்திரிகை கியூஎஸ்டியில டக் டிமா டூனா டின் 2ன்னு ஒரு குட்டி ரேடியோ டிரான்ஸ்மிட்டர வெளியிட்டாரு, ரெண்டே டிரான்சிஸ்டர், மீன் அடைச்சு வர்ற டின்னே அடித்தளம், இன்னைக்கும் அமெச்சூர் ரேடியோக்காரங்க அத செஞ்சுக்கிட்டு இருக்காங்க. அப்புறம் சூ மோய் டிசைன் பண்ணுன சீமோய் ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர், அதுக்குப் பொருத்தமான பெட்டின்னா மின்ட் டப்பாதான்னு ஆகிப்போச்சு, 9 வோல்ட் பேட்டரியும் போர்டும் பக்கத்துல பக்கத்துல கச்சிதமா உக்காரும். எலக்ட்ரானிக்ஸ் கிட் விக்கிற அடாஃப்ரூட் நிறுவனத்த ஆரம்பிச்ச லிமோர் ஃபிரைட் ரெண்டு ஏஏ பேட்டரிய வச்சு யூஎஸ்பி சார்ஜர் பண்ணி அதுக்கு மின்ட்டிபூஸ்ட்னே பேரு வச்சாங்க. எல்லாரும் ஏன் இந்த டப்பாவுக்கே வராங்கன்னா, உலோகம் சுத்தி மூடியிருக்குறதால வெளிய இருக்குற மின் இரைச்சல் உள்ள வர்றது குறையும், டப்பாவையே கிரவுண்டா பயன்படுத்தலாம், உள்பக்க லாக்கர ஒரு எடத்துல சுரண்டிட்டு நேரா சால்டர் வைக்கலாம்.

அதே குணம்தான் சில வேலைக்கு எதிரியும். ராஸ்பெரி பை ஜீரோங்குற குட்டி கம்ப்யூட்டர் போர்டு 65க்கு 30 மி.மீ, டப்பாவுக்குள்ள பாதி எடம்கூட எடுக்காது, ஆனா வைஃபை இருக்குற மாடல உள்ள வச்சு மூடுனா சிக்னல் படுத்துடும், ஏன்னா ஆன்டெனா போர்டுலயே இருக்கு, அதச் சுத்தி ஸ்டீல் பெட்டி. ப்ளூடூத்துக்கும் அதே கதைதான். மூடியில ஜன்னல் மாதிரி வெட்டி பிளாஸ்டிக் ஒட்டுனா கொஞ்சம் தேறும், இல்லன்னா அந்த வேலைக்கு பிளாஸ்டிக் டப்பாவே எடுத்துக்குங்க. முழு சைஸ் பை போர்டு நீள அகலத்துல நுழையும், போர்ட்டுங்களோட உயரம்தான் மூடிய மூடவிடாது. இன்னொன்னு, டப்பா கரண்ட் கடத்தும்ங்குறத மறந்துடாதீங்க, போர்டுக்கு அடியில கெட்டி அட்டையோ, கரண்ட் கடத்தாத கேப்டான் டேப்போ போடாம வச்சா சால்டர் முனையெல்லாம் தகரத்துல பட்டு ஷார்ட் ஆகும். லூஸா ஒரு 9 வோல்ட் பேட்டரிய மட்டும் தகர டப்பாவுல போட்டு பையில வச்சுக்கிட்டுத் திரியுறதும் ஆபத்து, அதோட ரெண்டு முனையும் ஒரே பக்கம் இருக்கு, தகரத்துல ரெண்டும் சேந்து பட்டா சூடாகும், முனைக்கு டேப் ஒட்டிட்டு வைங்க.

ஓட்டை போடுறது பத்தி கேட்டுக்கிட்டே இருக்காங்க. மெல்லிய தகட்டுல நேரா டிரில் பிட்ட வச்சா பிட் வழுக்கும், அப்புறம் தகடு சுருண்டு கிழியும். டப்பாவுக்குள்ள சரியா நுழையுற மாதிரி ஒரு மரத்துண்டு வச்சு, மேல மாஸ்கிங் டேப் ஒட்டி, பேனாவுல புள்ளி வச்சு, ஆணி முனைய அந்தப் புள்ளியில வச்சு சுத்தியல்ல ஒரே தட்டு, அந்தக் குழியில சின்ன பிட்டுல ஆரம்பிக்கணும். ஸ்விட்ச், ஆடியோ ஜாக் மாதிரி பெரிய ஓட்டை வேணும்னா படிப்படியா பெருசாகுற ஸ்டெப் டிரில் பிட்தான் சரி, சாதாரண பெரிய பிட் இவ்வளவு மெல்லிய தகட்டுல வட்டமாவே வராது, முக்கோணமா வரும். போட்டு முடிச்சதும் உள்பக்கம் விரல வச்சுடாதீங்க, அங்க நிக்குற பிசிறு பிளேடு மாதிரி. உருண்டை அரத்த வச்சு ரெண்டு பக்கமும் எடுத்துட்டு, காது குடையுற பட்ஸோட பஞ்ச விளிம்பச் சுத்தி ஓட்டிப் பாருங்க, எங்கயாவது பஞ்சு மாட்டுனா இன்னும் பிசிறு இருக்குன்னு அர்த்தம். கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம் போடுங்க.

உயரமான வட்ட டின்ல ஆணியால புள்ளி புள்ளியா டிசைன் குத்தி விளக்கு செய்றவங்க தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வச்சு ஐஸ் கட்டியாக்கிட்டு குத்துவாங்க, ஐஸ் உள்ள இருந்து தாங்குறதால சுவர் உள்ள அமுங்காது. தண்ணி உறையும்போது விரியும்ங்குறதால அடிப்பக்கம் கொஞ்சம் புடைக்கும், விளிம்பு வரைக்கும் ஊத்தாம கொஞ்சம் குறைச்சு ஊத்துங்க. கீல் டப்பாவுக்கு இது வேண்டாம், மரத்துண்டே போதும்.

மெழுகுவர்த்திக்கு கீல் டப்பா தேறவே தேறாது, இத அழுத்திச் சொல்றேன். பெரும்பாலான மின்ட் டப்பாவுல பின்சுவர்ல நீளமா ரெண்டு வெட்டு இருக்கும், மூடியோட நாக்கு அதுக்குள்ள நுழைஞ்சு சுருண்டு கீல் ஆகியிருக்கும், உருகுன மெழுகு அந்த வழியா ஒழுகும். அதுக்கு மேல, ஆழம் 21 மி.மீதான், திரி எரியும்போது சுவாலை மூடிக்கும் பெயின்ட்டுக்கும் பக்கத்துல வரும். இந்த வேலைக்கு மூட்டு இல்லாம ஒரே தகட்டுல இழுத்து செஞ்ச வட்ட டின்தான் எடுக்கணும், உள்ள தண்ணி ஊத்தி டிஷ்யூ பேப்பர் மேல கொஞ்ச நேரம் வச்சுட்டு, ஈரம் பட்டுருக்கான்னு பார்த்துட்டுதான் மெழுகு ஊத்தணும். திரியோட அடித்தட்ட நடுவுல எபாக்ஸி வச்சு ஒட்டிடுங்க, அப்பதான் கடைசியில மெழுகு தண்ணியா இருக்கும்போது திரி நகந்து சுவர் பக்கம் போகாது. எரியுற டின்னோட அடி நல்லா சூடாகும், ஓடு மேலயோ கல்லு மேலயோதான் வைக்கணும். திருகு மூடி அலுமினிய டப்பி மெழுகுக்கும் பரவாயில்ல, ஆனா அதோட உண்மையான எடம் உதட்டு பாம், களிம்பு மாதிரி கெட்டியா உறையுற சமாச்சாரம். துரு கிடையாது, மூடி இறுகுது, எடை தெரியாது. ஒரே குறை, கீழ விழுந்து வாய் கொஞ்சம் நெளிஞ்சா திருகு மரை மாட்டிக்கும், அதுக்கப்புறம் சரி பண்றது கஷ்டம்.

தையல் டப்பாவுக்கு கீல் மின்ட் டின் அருமை, மூடிக்கு உள்பக்கம் ஒரு தட்டை காந்தம் ஒட்டிட்டா ஊசி, குண்டூசி எல்லாம் அங்கயே நிக்கும், டப்பாவத் தலைகீழா திறந்தாலும் சிதறாது. நூல் உருளை உயரமா இருக்கும், உள்ள போகாது, அதனால கெட்டி அட்டைய எட்டு வடிவத்துல வெட்டி அதுல நூல சுத்தி அடுக்குங்க. முகாம் போறவங்க இதே டப்பாவுல கரித்துணி செய்வாங்க, அது தெரியாதவங்களுக்கு சொல்றேன், மூடியில ஆணியால ஒரு சின்ன ஓட்டை, உள்ள சுத்தமான பருத்தித் துணித் துண்டு, தீக்கங்கு மேல வச்சா ஓட்டை வழியா புகை வரும், புகை நின்னதும் எடுத்து முழுசா ஆறுனப்புறம் திறக்கணும், சூடா இருக்கும்போதே திறந்தா காத்துப்பட்டு துணி கங்காயிடும். ஆக்சிஜன் போகாததால துணி எரியாம கரியா நிக்குது, அப்புறம் சக்கிமுக்கி பொறி ஒண்ணு விழுந்தாலே கங்கு பிடிச்சுக்கும். பிரின்ட் பண்ணுன டப்பாவ முதல்முறை தீயில வைக்கும்போது பெயின்ட், வார்னிஷ் புகை வரும், வெளியில வெட்டவெளியில மட்டும் பண்ணுங்க, அந்த டப்பாவ அப்புறம் வேற எதுக்கும் எடுக்காதீங்க.

லென்ஸ் இல்லாம ஒரு சின்ன துளை வழியாவே படம் எடுக்குற பின்ஹோல் கேமரா செய்யவும் இந்த டப்பா நல்லாவே தேறும், ஆனா பொறுமை வேணும். ஆழம் 20 மி.மீ பக்கத்துல இருக்குறதால துளை ஏறக்குறைய 0.2 மி.மீ இருந்தாதான் படம் கூர்மையா வரும், அவ்வளவு சின்ன துளைய தகரத்துல நேரா போட முடியாது, அதனால டப்பாவுல பெருசா ஓட்டை போட்டுட்டு, குளிர்பான கேன்ல வெட்டுன அலுமினியத் துண்டுல மெல்லிய ஊசி முனைய வச்சு சுழட்டி துளை போட்டு, ரெண்டு பக்கமும் நைஸ் உப்புத்தாளால தேச்சு, அத உள்பக்கம் ஒட்டணும். உள்ள முழுக்க மேட் கறுப்பு பெயின்ட். கீல் ஓட்டை இங்கயும் எதிரி, வெளிச்சம் அந்த வழியா நுழையும், கறுப்பு டேப் சுத்தியே ஆகணும்.

படம் போட்ட அழகான பழைய டின்ன வெட்டி காதணி, பென்டன்ட் செய்றவங்களுக்கு ஒரு விஷயம், அந்த பிரின்ட் லேசுப்பட்டது இல்ல. தகரத்து மேல நேரா கல் அச்சுல அடிக்க முடியாம இருந்துச்சு, 1875ல ராபர்ட் பார்க்லே இங்கிலாந்துல ஆஃப்செட் முறைக்கு காப்புரிமை வாங்குனாரு, படம் முதல்ல ஒரு உருளைக்கு மாறி அங்கிருந்து தகரத்துக்கு வரும். பேப்பர்ல ஆஃப்செட் பிரின்டிங் வந்ததே அதுக்கப்புறம்தான், முதல்ல வந்தது தகரத்துக்கு. அதனால பழைய டின்ன வெட்டுறதுக்கு முன்னாடி ஒருதடவை நல்லா பார்த்துட்டு வெட்டுங்க, நசுங்கி துருப்பிடிச்சு பெட்டியா உதவாதத மட்டும் வெட்டுங்க, நல்லா இருக்குறத அப்படியே வைங்க, இது என்னோட வேண்டுகோள். வெட்டும்போது மூலைய உருட்டி வெட்டணும், கூர் மூலை காதுல கழுத்துல கீறும், விளிம்ப அரத்தால தேச்சுட்டு சுத்தி லாக்கர் தடவுங்க. நகைக்கு தகரம் தடிமன் பத்தலன்னு தோணுனா ரெண்டு துண்ட முதுகுக்கு முதுகு எபாக்ஸி வச்சு ஒட்டிட்டு அப்புறம் விளிம்பு தேய்ங்க, நல்ல கெட்டியா, ரெண்டு பக்கமும் படத்தோட வரும்.

காலி டப்பாவ பத்திரமா வச்சுக்குற பழக்கம் நம்ம காலத்துல வந்ததும் இல்ல. முதல் உலகப் போர்ல 1914 கிறிஸ்துமஸுக்கு பிரிட்டிஷ் படை வீரர்களுக்கு இளவரசி மேரி பேர்ல ஒரு சின்ன பித்தளை டப்பா குடுத்தாங்க, உள்ள பெரும்பாலும் புகையிலையும் சிகரெட்டும் இருந்துச்சு, அது தீந்தப்புறம் கடுதாசி, போட்டோ, பதக்கம்னு வீரர்கள் அதுல வச்சுக்கிட்டாங்க. இன்னைக்கும் அந்த டப்பாங்க மியூசியத்துலயும் குடும்பங்கள்லயும் இருக்கு. பித்தளைங்குறதால துருவும் பிடிக்கல.

குறைன்னு எடுத்தா கீல் டப்பாவுல எனக்கு பெருசா படுறது ரெண்டு. ஒண்ணு, தண்ணி புகும். மலையேற, படகுல போக எமர்ஜென்சி கிட் செய்றவங்க டப்பாவ மட்டும் நம்பாதீங்க, உள்ள ஜிப் கவர்ல போட்டுட்டு மூடி விளிம்பச் சுத்தி எலக்ட்ரிக் டேப் ஒட்டுங்க, அந்த டேப்பும் அவசரத்துக்கு உதவும். ரெண்டு, கீல் தளந்துடும். அதுக்கு டப்பாவத் தூக்கி எறிய வேண்டாம், மூடியோட நாக்கு சுருண்டுருக்குற எடத்த ஊசிமுனைக் குறடால மெதுவா இன்னும் கொஞ்சம் சுருட்டுங்க, மூடி இறுகலன்னா முன்பக்க விளிம்ப ஒரு முடி அளவு உள்பக்கமா அமுக்குங்க, பழையபடி டக்குன்னு மூடும். அதிகமா அமுக்குனா திறக்க நகம் உடையும், கொஞ்சம் கொஞ்சமா பார்த்துப் பார்த்து பண்ணுங்க.

குழந்தைங்க இருக்குற வீட்ல மிட்டாய் படம் போட்ட டப்பாவுல மாத்திரை வைக்காதீங்க, பட்டன் பேட்டரியும் வைக்காதீங்க, அவங்களுக்கு அது மிட்டாய் டப்பாதான், திறந்து வாயில போட்டுடுவாங்க. அந்த வேலைக்கு எடுத்தே ஆகணும்னா மேல முழுசா பெயின்ட் அடிச்சு, என்ன இருக்குன்னு பெருசா எழுதி, எட்டாத எடத்துல வைங்க. ஸ்லைடு டின்ன நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், இழுக்குற பாதையில தூசி போனா சிக்கும், பெயின்ட் அடிச்சா அந்தப் பாதையிலயே சுரண்டிக்கிட்டு வந்துடும், பையில இருக்கும்போது தானா திறந்துக்கும். கீல் டப்பாவுக்கு அஞ்சுக்கு நாலரை, திருகு அலுமினிய டப்பிக்கு நாலு, வெற்று டின் செட்டுக்கு மூணு, ஸ்லைடு டின்னுக்கு ஒண்ணரை. மூட்டு இல்லாத வட்ட டின்ன மெழுகுவர்த்திக்கு மட்டும்தான் போட்டுப் பார்த்தேன், அந்த ஒரு வேலைக்கு முழு அஞ்சும் குடுக்கலாம்.